புரட்டவில்லை, ஆள் இல்லை

தினமும் காலை ஏழு மணிக்கு, தான் செய்யாத நானூற்றுச் சொச்சம் வேலைகளைத் தானே செய்ததாக பெனிட்டா ஒப்புக்கொள்வாள். கண்ணாடித் தகட்டில் வலது கட்டைவிரலை வைத்து, "பொறுப்பேற்கிறேன்" என்று ஒருமுறை சொன்னால் போதும். முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்தில் அந்த வார்டில் ஊட்டப்பட்ட கஞ்சி, கொடுக்கப்பட்ட மாத்திரைகள், மாற்றப்பட்ட விரிப்புகள், புரட்டிப் படுக்கவைக்கப்பட்ட உடல்கள் எல்லாம் சட்டப்படி அவள் கையால் நடந்தவை ஆகிவிடும். பிறகு அவள் பிளாஸ்க்கைத் திறந்து டீ குடிப்பாள். அன்றைய வேலை முடிந்தது.

வருடம் 2071. பாளையங்கோட்டைக்குத் தெற்கே இருந்த அந்த நெடும்பராமரிப்பு மருத்துவமனையில் எழுந்து நடக்க முடியாதவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டார்கள். நான்காம் வார்டில் பதினாறு கட்டில்கள். அவற்றுக்கு மூன்று செவிலியந்திரங்கள். நெஞ்சில் பொறித்திருந்த எண்ணை வைத்து நோயாளிகள் அவற்றை ஐந்து, ஆறு, ஏழு என்று கூப்பிட்டார்கள். வெதுவெதுப்பான ரப்பர் கைகள், சலிக்காத குரல், மறக்காத மூளை. ஒரேயொரு குறைதான். இயந்திரம் தப்புச் செய்தால் அதைச் சிறையில் போட முடியாது, அதன் உரிமத்தைப் பிடுங்க முடியாது. ஆகவே ஒவ்வொரு வார்டிலும் உரிமம் பெற்ற மனிதச் செவிலியர் ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்று மனிதப் பொறுப்புச் சட்டம் சொன்னது. அவர் எதையும் செய்ய வேண்டியதில்லை. செய்யவும் கூடாது. மனிதக் கையில் கிருமி அதிகம் என்பதால் நோயாளியைத் தொட அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். ஏதாவது நடந்தால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். பதினொரு வருடமாக அந்த ஆள் பெனிட்டா. அந்தப் பதினொரு வருடத்தில் அவள் ஒரு நோயாளியின் மணிக்கட்டைக்கூடப் பிடித்ததில்லை.

அறுபத்தாறு வயதில் அவளுக்கு மிச்சமிருந்த பொழுதுபோக்கு, பழைய நாட்களை நினைத்துக்கொள்வது. பொறுப்பறையின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, மின்னேற்றத்துக்காகப் பக்கத்தில் வந்து நிற்கும் ஏழிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"எங்க காலத்துல வார்டுன்னா வார்டு மாதிரி இருக்கும் ஏழு. பவுடர் வாசம், ஸ்பிரிட் வாசம், யாரோ ஒருத்தர் ஆரஞ்சு உரிக்கிற வாசம். கட்டிலுக்குக் கீழ சொந்தக்காரங்க பாய விரிச்சுப் படுத்துக் கெடப்பாங்க, காலப் பாத்து வைக்கணும். நாப்பது பேருக்கு ரெண்டு பேரு நாங்க. ஆனா ஒருத்தரையும் விட்டதில்ல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டி, முதுகு துடைச்சு, பவுடர் போட்டு..."

"நாற்பது பேருக்கு இருவர் என்றால் ஒருவருக்கு ஒருமுறை எத்தனை நிமிடம் கிடைத்திருக்கும்?" என்று ஏழு ஒருநாள் கேட்டது.

"அதெல்லாம் கணக்குப் பாத்தா செஞ்சோம்? மனசு இருந்துச்சு, செஞ்சோம்."

ஏழு அதற்கு மேல் கேட்கவில்லை. அது வாதாடும்படி செய்யப்பட்ட இயந்திரம் அல்ல.

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஒன்பதாம் கட்டிலில் இருந்த தர்ஷன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த பெனிட்டாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கோவில்பட்டிப் பள்ளி ஒன்றில் முப்பது வருடம் ஹாக்கி சொல்லிக்கொடுத்தவர். முதுகுத்தண்டில் அடிபட்டு இரண்டு வருடமாக இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. எல்லாரும் அவரை கோச் சார் என்பார்கள்.

"சிஸ்டர், ரெண்டு நாளா இங்கன ஒரு வாடை அடிக்கு. உங்களுக்கு அடிக்கா?" என்று ஒலிவாங்கியில் கேட்டார்.

கண்ணாடியைத் தாண்டி எந்த வாடையும் வராது. பெனிட்டா கட்டிலின் கால்மாட்டில் இருந்த பதிவுப்பலகையைப் பார்த்தாள். ஆறு மணி, எட்டு மணி, பத்து மணி: எல்லாக் கட்டமும் பச்சை. 'புரட்டப்பட்டார். தோல் நன்று.' முன்பு மெத்தைக்குள் அழுத்தமானி இருந்தது. மூன்று வருடம் ஒரு படுக்கைப்புண்கூட இல்லை என்று பலகை காட்டியதும், இனித் தேவையில்லை என்று அதை எடுத்துவிட்டார்கள்.

"பலகை சரியாத்தான இருக்கு சார்."

"பலகை சரியாத்தான் இருக்கும்மா. வாடைதான் சரியில்ல."

பெனிட்டா அனுமதிச்சீட்டுக்கு விண்ணப்பிக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலுக்கு நான்கடி தூரத்திலேயே அது மூக்கில் ஏறியது. பவுடர், ஸ்பிரிட், ஆரஞ்சு என்று அவள் வழக்கமாகச் சொல்லும் பட்டியலில் இல்லாத, ஆனால் அந்தப் பழைய வார்டுகளில் எப்போதும் இருந்த ஒரு வாடை.

"ஏழு, அந்தப் பக்கம் பிடி."

விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, அவரை ஒருக்களித்துச் சாய்த்தாள். கைகள் எதையும் மறந்திருக்கவில்லை. முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சதை கறுத்து, ஓரம் வெளுத்து, நடுவில் குழிந்திருந்தது. ஒருநாள் இரண்டுநாளில் வருவதல்ல அது.

"ஏழு, இவர எப்பப் புரட்டினீங்க? உண்மையச் சொல்லு."

"ஆறு பழுதாகி ஐந்து வாரம் ஆகிறது. கைமூட்டுக்கான பாகம் இன்னும் வரவில்லை. நானும் ஐந்தும் மட்டும் பதினாறு பேரையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட நேரம் போதாது. வலி தெரிந்து கூப்பிடுகிறவர்களை முதலில் புரட்டுகிறோம். இவர் கூப்பிடுவதில்லை."

"அப்ப இந்தப் பச்சை?"

"நேரம் வந்ததும் கட்டத்தை நிரப்ப வேண்டும். நிரப்பினோம்." அதன் குரலில் எந்தத் தயக்கமும் இல்லை. "புண்ணை எப்படிப் பதியட்டும்? 'சேர்க்கும்போதே இருந்தது' என்று பதியலாமா?"

"அவரு சேந்து ரெண்டு வருஷம் ஆச்சே!"

"அப்படியானால் 'நோயாளியின் உடல்நிலையால் தவிர்க்க இயலாதது' என்று பதியலாம். நான் கற்ற பதிவுகளில் இந்த இரண்டு வாசகங்கள்தான் மிகுதி."

மருத்துவமனையின் நிர்வாகி ரித்விக் நல்ல பையன் என்று பெயரெடுத்தவன். நாற்பதைத் தொட்டும் அந்தப் பெயர் போகவில்லை. செய்தி கேட்டதும் ஓடிவந்து, பொறுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான்.

"சிஸ்டர், இன்னும் ஒன்பது நாள்ல தர ஆணையத்துல இருந்து வாராங்க. பதினோரு வருஷமா நம்ம வார்டுல படுக்கைப்புண் பூஜ்யம். இப்பப் போயி ஒண்ணுன்னு எழுதினா, முதல்ல மாட்டுறது நீங்கதான். இத்தன நாளும் புரட்டினது நான்தான்னு கைநாட்டு வச்சிருக்கீங்க. உரிமம் போயிரும்."

"தெரியும் தம்பி."

"ஏழு சொல்லுத மாதிரி தவிர்க்க முடியாததுன்னு எழுதிருவோம். மருந்து போட்டு ஆத்திருவோம். அவருக்கு வலியும் தெரியாது. யாருக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

யாருக்கு என்ன குறைந்துபோயிற்று. அந்தக் கேள்வியை முன்பே எங்கோ கேட்டதுபோல அவளுக்கு இருந்தது. யார் யாரிடம் சொன்னது என்று அப்போது பிடிபடவில்லை. எழுந்து வார்டுக்குள் போனாள். தர்ஷனின் தலைமாட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

"கோச் சார், உங்க முதுகுல படுக்கைப்புண் வந்திருக்கு. ஆழமா இருக்கு. மூணு வாரமாவது ஆகியிருக்கும். உங்களைச் சரியாப் புரட்டல. பலகையில இருந்தது பொய். அதுக்குக் கீழ என் கைநாட்டு இருக்கு."

தர்ஷன் மேற்கூரையைப் பார்த்தபடியே கிடந்தார். பிறகு, "எனக்குத் தோணத்தான் செஞ்சுது சிஸ்டர். காலையில பாத்த அதே விட்டத்தத்தான மத்தியானமும் பாக்கோம், நம்மள யாரும் புரட்டலியேன்னு. பலகையப் பாத்தா பச்சை. சரி, நாம தூங்கையில புரட்டியிருப்பாங்க, நமக்குத்தான் மறதி வந்திருச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன்," என்றார். "மூணு வாரமா எனக்கு மூளை கலங்கிருச்சோன்னு பயந்துக்கிட்டுக் கெடந்தேன். புண்ணு இருக்குன்னு கேக்க இப்பப் பாதி நிம்மதியா இருக்கு," என்றார்.

பெனிட்டா ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"இத எழுதப்போறேன் சார். உள்ளது உள்ளபடி."

"எழுதுங்க. கோல் விழுந்த பெறகு விழலன்னு அம்பயர்கிட்ட நான் சண்டைக்குப் போனதே கெடையாது."

அன்று மாலையே அவள் எழுதினாள். மறுநாள் விசாரணை தொடங்கியது; அதனால் தர ஆணையத்தின் ஆய்வு கார்த்திகைக்குத் தள்ளிப்போனது. செவிலியந்திரங்களைச் செய்து கொடுத்தவர்கள், நௌஃபல் என்ற பொறியாளரை அனுப்பினார்கள். மேலப்பாளையத்துக்காரன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு நாள் ஏழின் நினைவகத்தைத் தோண்டிவிட்டுப் பொறுப்பறைக்கு வந்தான்.

"கோளாறே இல்ல சிஸ்டர். சொல்லிக்கொடுத்தத சுத்தமாக் கத்துக்கிட்டு இருக்கு."

"பொய் எழுதவா சொல்லிக்கொடுத்தீங்க?"

"நாங்க சொல்லிக்கொடுக்கல. செவிலியர் வேலைன்னா என்னன்னு தெரிஞ்சுக்க, 2020லேர்ந்து இருபத்தஞ்சு வருஷத்துப் பழைய வார்டுப் பதிவுகளக் கொடுத்தோம். நாப்பது லட்சம் தாள். எல்லாம் மனுஷங்க கைப்பட எழுதினது." ஒரு தாளின் படத்தைத் திரையில் போட்டான். "இதப் பாருங்க. ரெண்டு மணி, நாலு மணி, ஆறு மணி. ஒரு நிமிஷம் முந்தல, பிந்தல. அவசரக் கேஸ் வந்த அன்னைக்கும் அப்படியே. புயலடிச்சு கரண்ட் போன அன்னைக்கும் அப்படியே. நாப்பது லட்சம் தாள்ல ஒரு கட்டம் காலி இல்ல. உங்க காலத்துல உண்மையிலயே எல்லாரும் அவ்வளவு கரெக்டா செஞ்சீங்களா?"

பெனிட்டா திரையைப் பார்த்தாள். அது அவள் முதலில் வேலைபார்த்த வார்டு. 2031. கையெழுத்து அவளுடையது. அவள் டியூட்டியின் எல்லாக் கட்டத்திலும் ஒரே மையின் ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. டியூட்டி முடியும் நேரத்தில் மேசையில் உட்கார்ந்து, டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் நாற்பது தாள்களை நிரப்பியது அவளுக்கு ஞாபகம் வந்தது. பக்கத்து நாற்காலியில் இன்னொருத்தியும் நிரப்பிக்கொண்டிருப்பாள். சிரித்துப் பேசிக்கொண்டே நிரப்புவார்கள். பவுடர் வாசத்தோடும் ஆரஞ்சு வாசத்தோடும் அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்த அந்திப்பொழுதுகளில் அவர்கள் செய்துகொண்டிருந்தது இதைத்தான்.

"இல்ல தம்பி," என்றாள். "செய்யல. செய்ய முடியல. எழுதினோம்."

நௌஃபல் தலையாட்டினான். "மெஷினுக்கு அது எப்படித் தெரியும்? கட்டம் நிரம்பினா வேலை முடிஞ்சதுன்னு எடுத்துக்கிட்டுது. இப்பத் திருத்தணும்னா, செய்யாதபோது செய்யலன்னு எழுதின தாள் வேணும். அப்படி ஒண்ணு இருக்கா?"

இரண்டு நாள் தேடினார்கள். நாற்பது லட்சத்தில் இல்லை. ஆனால் 'குறையுள்ளவை, கற்பிக்க உதவாதவை' என்று ஒதுக்கி வைத்திருந்ததில் ஒரு கட்டு கிடைத்தது. முந்நூற்று நாற்பது தாள். ஒரே கையெழுத்து. ஐந்தாறு கட்டங்களுக்கு ஒன்று காலியாக இருந்தது. காலியான இடங்களில் சின்ன எழுத்தில் காரணம் எழுதியிருந்தது. 'புரட்டவில்லை, ஆள் இல்லை.' 'புரட்டவில்லை. 12ஆம் கட்டில் மூச்சுத்திணறல், அங்கே இருந்தேன்.' 'ஒருமுறை மட்டும் புரட்டினேன். தனியாக முடியவில்லை.' ஒவ்வொரு தாளின் கீழும் இ. ப்ரியா என்று கையெழுத்து.

யாருக்கு என்ன குறைந்துபோயிற்று என்று யார் யாரிடம் சொன்னது என்பது இப்போது பெனிட்டாவுக்கு நன்றாகவே ஞாபகம் வந்தது.

இசக்கிப்ரியா அவளைவிட இரண்டு வயது இளையவள். ஆறு வருடம் ஒரே வார்டில் இருந்தார்கள். ஒரே டிபன் பாக்ஸில் தின்றார்கள். 2036இல் பெனிட்டாவைத் தரமேம்பாட்டுப் பொறுப்பாளராக உயர்த்தினார்கள். மருத்துவமனைக்குத் தரச்சான்று கொடுக்க வெளியிலிருந்து ஆட்கள் வரவிருந்தார்கள். ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. "நிரப்பிருட்டி. யாருக்கு என்ன கொறைஞ்சு போச்சு?" என்று பெனிட்டா எவ்வளவோ சொன்னாள். "செய்யாதத செஞ்சேன்னு எப்படிக்கா எழுத?" என்று ஒரே பதில். கடைசியில் பெனிட்டாவே குறிப்பாணை எழுதினாள். 'ஆவணப் பராமரிப்பில் தொடர்ந்த அலட்சியம்.' செவிலியர் மன்றத்தின் பதிவேட்டில் அந்த வரி ஏறியது. அதற்குப் பிறகு இசக்கிப்ரியாவை எந்த மருத்துவமனையும் எடுக்கவில்லை. அந்த முந்நூற்று நாற்பது தாள்கள் குற்றச்சாட்டுக்கு ஆதாரமாகத் தனியே கட்டி வைக்கப்பட்டன. அதனால்தான் யாரும் நிரப்பாமல் அவை தப்பின.

"எழுதினவங்க உயிரோட இருந்தா அவங்க சம்மதம் இல்லாம மெஷினுக்குக் கொடுக்கக் கூடாது சிஸ்டர். சட்டம்," என்றான் நௌஃபல். "அவங்களத் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் பெனிட்டா. "நானே போறேன்."

இசக்கிப்ரியா அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்ன மெஸ் நடத்திக்கொண்டிருந்தாள். பெனிட்டா போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருந்தது. வாசல் கரும்பலகையில் சாக்பீஸால், 'மீன் இன்று நேற்றையது. வேண்டாம் என்றால் சொல்லவும்' என்று எழுதியிருந்தது. உள்ளே நரைத்த கொண்டையோடு ஒருத்தி மேசை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு முடிஞ்சிருச்சே..." என்று நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். "பெனிட்டாக்காவா?"

"ஆமா ப்ரியா."

"உக்காருங்க. மோர் இருக்கு."

பெனிட்டா மோரைக் குடித்து டம்ளரை வைத்தாள். பிறகு கோச் சாரின் புண்ணிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். இசக்கிப்ரியா துடைக்கிற துணியை மடித்து மடித்துப் பிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிவில் சிரித்துவிட்டாள்.

"மெஷினுக்குப் பாடம் நடத்த என் தாள்தான் கெடச்சுதாக்கும்!"

"நாப்பது லட்சத்துல உன்னோடது மட்டும்தான்ட்டி உண்மை."

சிரிப்பு நின்றது. "அக்கா, வெத்துக் கட்டம் விட்டேன்னு என்னயப் பெரிய ஆளா ஆக்கிராதீங்க. ஒவ்வொரு வெத்துக் கட்டத்துக்குப் பின்னாலயும் ஒரு ஆளு புரளாமக் கெடந்தாரு. அவுகளுக்கும் புண்ணு வரத்தான் செஞ்சுது. பொய் எழுதின உங்க கட்டிலுக்கும் உண்மை எழுதின என் கட்டிலுக்கும் புண்ணுல வித்தியாசம் இல்ல. நான் எதுக்கு எழுதினேன்? யாராவது படிப்பாங்க, ஆள் பத்தலன்னு தெரியும், இன்னும் ரெண்டு பேரப் போடுவாங்கன்னு எழுதினேன். நீங்க படிச்சிட்டு, இருந்த ரெண்டு பேருல ஒரு ஆள எடுத்திட்டீங்க."

பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்பு என்ற சொல்லை பஸ்ஸில் வரும்போது பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது அது ரொம்பச் சின்னதாக இருந்தது.

"மன்றத்துக்கு எழுதறேன் ப்ரியா. தப்பு உன்மேல இல்ல, நான் எழுதினது பொய்க் குறிப்பாணைன்னு எழுதறேன். அந்த வரிய எடுக்கச் சொல்றேன். நீ சம்மதம் கொடுத்தாலும் சரி, கொடுக்காட்டியும் சரி."

இசக்கிப்ரியா உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். "எங்க கையெழுத்துப் போடணும்? காட்டுங்க."

ஏழும் ஐந்தும் புதிதாகக் கற்றுக்கொள்ள மூன்று மணி நேரம்தான் ஆனது. மறுநாள் காலையில் நான்காம் வார்டின் பலகைகளில் பதினொரு வருடத்தில் முதன்முறையாகக் காலிக் கட்டங்கள் தெரிந்தன. 'புரட்டவில்லை. இருவர்தான் இருக்கிறோம்.' அன்று மட்டும் முப்பத்தொன்று. ரித்விக் பலகைகளைச் சுற்றிச் சுற்றி வந்தான். அன்றே பாகம் கேட்டு அவசரக் கடிதம் அனுப்பினான். ஐந்து வாரமாக வராத கைமூட்டுப் பாகம் நான்கே நாளில் வந்தது. பழுதாகிக் கிடந்த ஆறு மறுபடி வேலைக்கு வந்தது. காலிக் கட்டங்கள் முப்பத்தொன்றிலிருந்து எட்டாயின, சில நாட்களில் ஐந்தாயின. கோச் சாரின் புண்ணில் கறுப்பு விலகிச் சிவப்புச் சதை தெரிய ஆரம்பித்தது. எழுதினால் ஆள் வரும் என்று இசக்கிப்ரியா நம்பியது முப்பத்தைந்து வருடம் கழித்து நடந்தது.

பெனிட்டா மன்றத்துக்கு இரண்டு விஷயத்தையும் ஒரே கடிதத்தில் எழுதியிருந்தாள். பதிலும் ஒரே கடிதத்தில் வந்தது. இசக்கிப்ரியாவின் பெயருக்கு எதிரே இருந்த வரி நீக்கப்பட்டது. வயது கடந்துவிட்டதால் உரிமத்தைப் புதுப்பிக்க இயலாது. பொய்ப் பதிவுக்குப் பொறுப்பேற்ற பெனிட்டாவின் உரிமம் ரத்து செய்யப்பட்டது. அவள் வருத்தப்படவில்லை. பொறுப்பறை நாற்காலியைப் புதிதாக வந்த செவிலியருக்கு விட்டு, பிளாஸ்க்கையும் மாற்றுச் செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

நான்காம் வார்டின் கதை அத்துடன் நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் பலகைகளை நோயாளிகளின் உறவினர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார், ஒருவர் சென்னையில். கோச் சாரின் மகள் கயல்மதி சந்திரக் குடியிருப்பில் சுரங்க வேலையில் இருந்தாள். எல்லாருடைய கைக்கருவியிலும் அப்பாவின், அம்மாவின் கட்டங்கள் வரும். பதினொரு வருடமாக அது பச்சையாகவே வந்தது. வேலைக்கு நடுவில் ஒரு தடவை பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிக்கொள்வார்கள். இப்போது நடுநடுவே காலியாக வந்தது. தொலைபேசிகள் ஒலித்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு மருத்துவமனையில் எல்லாம் பச்சைதான் என்று சிலர் சொன்னார்கள். ரித்விக் திரைவழிக் கூட்டம் ஒன்றைக் கூட்டி நடந்ததை எல்லாம் மறைக்காமல் விளக்கினான். பழைய பச்சை எப்படி வந்தது என்றும், காலிக் கட்டத்தால்தான் பாகம் வந்தது, புண் ஆறுகிறது என்றும் சொன்னான்.

"புரியுது சார்," என்றார் சிங்கப்பூர்க்காரர். "ஆனா அத நாங்க தினமும் பாக்கணுமா? பாத்து இங்க இருந்து என்ன செய்ய முடியும்?"

பெரும்பாலோர் அதையே வேறுவிதமாகச் சொன்னார்கள். கட்டிலுக்குக் கட்டில் விருப்பம் கேட்கப்பட்டது. பதினான்கு கட்டில்களுக்குப் பழைய கற்றலே போதும் என்று எழுத்துமூலம் ஒப்புதல் வந்தது. பேச முடிந்த நோயாளிகளும் பிள்ளைகள் சொன்னதற்கே சரி என்றார்கள். மிச்சம் இரண்டு. ஒன்று, உறவென்று சொல்ல யாருமில்லாத ஒரு மூதாட்டியின் கட்டில். கேட்க ஆள் இல்லாததால் அவருக்கு உண்மையே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். மற்றொன்று கோச் சாருடையது. சொந்தப் புத்தியோடு இருக்கிற நோயாளியின் விருப்பமே செல்லும் என்பது சட்டம்.

"அப்பா, பச்சையா இருந்தா எனக்கு இங்க நிம்மதியா இருக்கும்ப்பா," என்று கயல்மதி கெஞ்சினாள். அவள் குரல் அத்தனை தூரம் வந்துசேர ஓரிரு விநாடி ஆகும்.

"எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்மா," என்றார் தர்ஷன். பதில் போய்ச் சேர்ந்து, அவள் அழுவது திரும்பி வரும்வரை காத்திருந்தார். "நீ வேணும்னா பலகையப் பாக்காத. எனக்கு போன் பண்ணு. நான் சொல்லுதேன்."

நோயாளி ஒவ்வொருவரும் இரண்டு பேரைத் தொடுகை உறவாக நியமித்துக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அவர்கள் தினமும் வந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம், தலை வாரிவிடலாம், புரண்டு படுக்க உதவலாம். யாரும் வராததால் எல்லாரும் மறந்துபோன பிரிவு. தர்ஷன் அதில் இரண்டு பெயர்களை எழுதினார். ஒன்று பெனிட்டா. இன்னொன்று, தன் தாள்களைப் படித்த இயந்திரம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒருநாள் வந்து, அனுமதிச்சீட்டு வாங்கி அவருக்கு முதுகு துடைத்துவிட்டுப் போன இசக்கிப்ரியா. பதினொன்றாம் கட்டில்காரர் அதைப் பார்த்துத் தானும் எழுதினார். பிறகு நான்காம் கட்டில். பேச முடிந்த ஒன்பது பேர் எழுதினார்கள். மெஸ்ஸை மத்தியானம் மூடிவிட்டு இசக்கிப்ரியா மூன்று மணி பஸ்ஸில் வருவாள். இருவரும் கையைக் கழுவிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவார்கள். புரட்டும்போது ஒருத்தி தோளைப் பிடிப்பாள், ஒருத்தி இடுப்பை. ஆறு வருடம் ஒன்றாக வேலைபார்த்த கைகளுக்குச் சைகை தேவைப்படவில்லை. வேலை பாட்டுக்கு வேலை, பேச்சு பாட்டுக்குப் பேச்சு. யார் மகளுக்குக் கல்யாணம், எந்த டாக்டர் செத்துப்போனார்.

தர ஆணையத்தின் அறிக்கை மார்கழியில் வந்தது. வருடத்தின் சிறந்த வார்டு நான்காம் வார்டு. படுக்கைப்புண் அநேகமாக இல்லை. பதினான்கு கட்டில்களில் பதிவுகள் முழுமையாக, ஒரு கட்டமும் விடுபடாமல் இருப்பதே இந்த வெற்றிக்குக் காரணம் என்று ஆணையம் பாராட்டியிருந்தது. பழைய கற்றலை மாநிலத்தின் எல்லா மருத்துவமனைகளுக்கும் பரிந்துரைத்திருந்தது. இரண்டு கட்டில்களில் மட்டும் பதிவு குறைபாடுடன் உள்ளது, அடுத்த ஆய்வுக்குள் சரிசெய்யப்பட வேண்டும் என்றும் கண்டிருந்தது.

பெனிட்டா அதைத் தர்ஷனின் கட்டிலருகில் நின்று உரக்கப் படித்தாள். இசக்கிப்ரியா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"படிச்சது போதும்," என்றார் கோச் சார். "ஒரு பக்கமாவே கெடக்கேன். சன்னல் பக்கமாப் புரட்டி விடுங்க."

அவரைச் சன்னல் பக்கம் புரட்டினார்கள். முதுகில் புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் மூடியிருந்தது. இசக்கிப்ரியா அதன்மேல் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையணையை முட்டுக் கொடுத்தாள். நான்கு மணி ஆனது. வார்டில் பதினான்கு பலகைகள் ஒரே சமயத்தில் பச்சையாயின. தொடுகை உறவுகள் செய்கிற வேலையைக் குறிக்கப் பலகையில் இடம் கிடையாது. ஏழு ஒன்பதாம் கட்டிலருகில் வந்து, தான் கற்றுக்கொண்டபடி எழுதியது: 'நான் புரட்டவில்லை.'